காளான் குடிலுக்குக் காற்றாடி: தேர்வும் பராமரிப்பும்

கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள் தமிழர்கள். அந்த ரப்பர் மரத்தின் தூள்தான் மலேசியாவில் சிப்பிக் காளான் பைகளுக்கு முக்கிய மூலப்பொருள். வீட்டுக்குப் பின்னால் சிறு குடில் போட இடமிருந்தால் இதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்யலாம். ஆனால் ஈரத்தைக் காக்கக் குடிலை இறுக மூடிவிட்டுக் காற்றை மறந்தால், நல்ல பையும் நல்ல விளைச்சல் தராது.

காளானும் மனிதரைப் போலப் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. குடிலுக்குள் அது 1,000 பங்கைத் தாண்டினால் தண்டு நீளும், குடை சிறுத்துவிடும். அப்படிப்பட்ட காளானுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்காது.

எந்த அளவு காற்றாடி?

காளான் வெளிவரும் பருவத்தில் குடிலின் காற்று மணிக்கு 4 முதல் 8 முறை மாற வேண்டும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குடிலின் கொள்ளளவு 1,600 கன அடி. மணிக்கு 6 முறை என்றால் 9,600 கன அடி, அதாவது நிமிடத்திற்கு 160 கன அடி. சில பெட்டிகளில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் இது சுமார் 270. பூச்சி வலை காற்றைத் தடுப்பதால், கணக்கில் வருவதைவிடச் சற்றுப் பெரிய காற்றாடியே நல்லது. பெரிய காற்றாடியை டைமர் வைத்து விட்டு விட்டு ஓட்டலாம்.

காற்றை வெளியேற்றும் காற்றாடியை ஒரு சுவரிலும், வலையடித்த காற்றுத் திறப்பை எதிர்ச்சுவரிலும் அமைக்க வேண்டும். உள்ளே காற்றைச் சுழற்ற இன்னொன்று வைத்தால், அதன் முகம் சுவரைப் பார்க்கட்டும். மொட்டுகள் மீது நேராகக் காற்று அடித்தால் அவை காய்ந்து கருகும். ஆண்டுத் தொடக்கத்தின் வெயில் மாதங்களில் ஓட்டும் நேரத்தைக் குறைத்து, நீர்த் தெளிப்பைக் கூட்டலாம். ஈரப்பதம் 80 முதல் 90 விழுக்காடு வரை இருப்பது நல்லது.

ஈரத்தில் மின்சாரம்

வீட்டு மேசைக் காற்றாடி இந்த ஈரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. நீர்த் தெளிப்பைத் தாங்கும் ஐபி 44 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்புக் கருவி தேவை. வீட்டிலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை

காளான் வித்துத்தூள் வலையையும் இறக்கைகளையும் அடைத்துவிடும். காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் போகாது. வாரம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு இரண்டையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இறக்கை மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டரையும், கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கையும் சோதிக்க வேண்டும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அந்த வித்துத்தூள் நுரையீரலையும் தாக்கும். நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரலாம். காளான் பண்ணைத் தொழிலாளரிடம் மருத்துவ உலகம் கண்டறிந்த நோய் இது. குடை முழுதும் விரிந்து தட்டையாவதற்குள் பறித்தால் தூள் குறையும். உள்ளே போவதற்குச் சற்று முன்பே காற்றாடியை ஓடவிட்டு, என்95 முகக்கவசம் அணிந்து நுழைவது நல்லது. குடிலில் வேலை செய்த சில மணி நேரத்தில் இருமலும் காய்ச்சலும் அடிக்கடி வந்தால், காளான் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.