கழகம் காத்த காவலர்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம் சங்கச் செயலாளர் கேட்கும்போதெல்லாம், "இரயில்வே எழுத்தருக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கூறி நாம் தப்பித்துக் கொள்வது வழக்கம். இம்முறை அவ்வாறு தப்ப முனையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சென்ற பொதுக்கூட்டத்தில் சந்தா நிலுவைப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையிலிருந்து, "இப்படியே போனால் சங்கத்தை மூடிவிடலாமே!" என்று ஒரு குரல் எழுந்தது. கேலியாகச் சொன்ன சொல்தான். எனினும் அதை மறுத்து எவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது, மூடப்படும் தறுவாயிலிருந்து மீண்ட ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அக்கழகம் நம்மைப் போன்ற இரயில்வே ஊழியர்கள் தொடங்கியது. ஆகவே நம் காலனிக் குடும்பங்கள் அதை அறிந்துகொள்வது பொருத்தமே எனக் கருதி இங்கு எழுதத் துணிந்தோம்.

இரயில்வேக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. கல்கத்தா கால்பந்து லீக் போட்டியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களின் ஆட்சியை 1958ஆம் ஆண்டில் உடைத்தெறிந்தது ஈஸ்டர்ன் இரயில்வே அணியே. பி. கே. பானர்ஜி அவர்கள் அவ்வணியின் ஒளிவிளக்காகத் திகழ்ந்தார். அதன்பின் அம்மூன்று கழகங்களையும் தவிர்த்து வேறோர் அணி அந்த லீக்கை வெல்ல 2019ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரயில்வே ஊழியரின் காலுக்கு அத்தனை வலிமை உண்டு! ஆனால் நாம் சொல்லவந்த கதை இதற்கும் மிக முந்தையது. அது நிகழ்ந்த இடம் இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரம்.

அந்நகரின் வடகிழக்கே நியூட்டன் ஹீத் என்னும் பகுதியில், லங்காஷயர் – யார்க்ஷயர் இரயில்வேயின் கேரேஜ் – வாகன் தொழிற்சாலை இருந்தது. அங்குப் பணியாற்றிய தொழிலாளர்கள் 1878ஆம் ஆண்டில் தமக்கென ஒரு பந்தாட்டக் கழகத்தை நிறுவினர். நியூட்டன் ஹீத் என்ற ஊர்ப்பெயருடன் இரயில்வேயின் பெயரெழுத்துக்களையும் சேர்த்துச் சூட்டிக்கொண்டனர். பச்சையும் பொன்னிறமும் கலந்த சட்டை அவர்களுக்கு அடையாளமாயிற்று. நார்த் ரோடு என்ற இடத்தில் இருந்த அவர்களது மைதானமோ கல்லும் கட்டியும் நிறைந்தது. மழை வந்தால் சேறு. அருகே செல்லும் வண்டிகளின் புகை சில வேளைகளில் ஆட்டத்தையே மறைத்துவிடுமாம். ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொள்வதற்கு ஓல்டாம் சாலையிலிருந்த ஒரு மதுக்கடைக்குச் சென்று வரவேண்டும். யார்டு ஓரத்து மைதானத்தில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துப் பழகிய நம் காலனி வாசிகளுக்கு இக்காட்சியை மனக்கண்ணில் காண்பது கடினமன்று.

இவ்வளவு எளிய நிலையில் பிறந்த கழகம், 1892இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் முதற் பிரிவிலேயே இடம் பெற்றது. அப்போது இரயில்வேயின் பெயர் கழகத்தின் பெயரினின்றும் நீங்கிற்று. நிறுவனத்தின் நிழலும் நீங்கிற்று. இனித் தன் காலில் தான் நிற்கவேண்டும். 1893இல் கிளேட்டன் பகுதியிலுள்ள பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்திற்குக் குடிபெயர்ந்தனர். புகை அங்கும் அவர்களை விடவில்லை. பக்கத்தில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1895இல் அங்கு ஆட வந்த வால்சால் அணி 14–0 என்ற கணக்கில் தோற்றபின், மைதானத்தின் இழிநிலையே காரணம் என முறையிட்டது. ஆட்டம் செல்லாதென அறிவிக்கப்பட்டு மறுபடியும் நடந்தது. அப்போதும் 9–0 என்று தோற்றுத் திரும்பியது! சிரிப்பதற்கு இச்சம்பவம் உதவும். கடனைத் தீர்க்க உதவாது. 1894இலேயே கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டிருந்தது. ஆட்டக்காரருக்குக் கூலி, பயணச் செலவு, மைதான வாடகை என்று செலவுக்குக் குறைவில்லை. வரவுதான் குறைந்துகொண்டே வந்தது.

இந்நிலையில்தான் நம் கதைக்குரியவர் வருகிறார். அவர் பெயர் ஹாரி ஸ்டாஃபோர்ட். இரயில்வே ஊர் எனப் புகழ்பெற்ற க்ரூவில் பிறந்து, அவ்வூர் அணியில் ஆடி, 1896இல் நியூட்டன் ஹீத்துக்கு வந்தவர். கோலுக்கு முன் நின்று எதிரியைத் தடுக்கும் பின்காவலர். பின்னர் அணித்தலைவராகவும் ஆனார். பந்தாட்டத்தில் கோல் அடிப்பவருக்கே மாலையும் மரியாதையும். பின்னே நின்று தடுப்பவரை யாரும் தோளில் தூக்குவதில்லை. ஸ்டாஃபோர்ட் மைதானத்தில் செய்த அதே வேலையை மைதானத்திற்கு வெளியிலும் செய்யலானார். கழகத்தின் நிதிநிலையைக் கண்டு, "ஆடுவது எம் வேலை, பணம் திரட்டுவது பிறர் வேலை" என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மான்செஸ்டரின் செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் கழகத்தின் நிதிக்காக ஒரு பஜார் நடைபெற்றது. ஸ்டாஃபோர்டிடம் மேஜர் என்ற பெயருடைய செயின்ட் பெர்னார்ட் இனத்து நாய் ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் ஓர் உண்டியலைக் கட்டிக் கூட்டத்திடையே உலவவிட்டார். பேசத் தெரிந்த மனிதர் கேட்டால் ஆயிரம் சாக்குச் சொல்லும் உலகம், வாயில்லாச் சீவன் வந்து நின்றால் சில்லறையாவது போடுமன்றோ? எனினும் பஜாரில் எதிர்பார்த்த தொகை சேரவில்லை. இடையே மேஜரும் காணாமற்போயிற்று. அது எவ்வாறோ ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பெருஞ்செல்வரின் கண்ணில் பட்டதாகவும், அவருடைய மகள் அதன்மேல் ஆசைகொண்டதாகவும், நாயைத் தேடிச் சென்ற ஸ்டாஃபோர்ட் கழகத்தின் துன்பத்தை அவரிடம் எடுத்துரைத்ததாகவும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். டேவிஸ், பீர் வடிக்கும் ஆலைகளின் அதிபர். வாய்மொழியாக வந்த கதைக்குக் கைகால் முளைப்பது இயல்பே. ஆனால் ஸ்டாஃபோர்டின் முயற்சியால் டேவிஸ் கழகத்தின்பால் வந்தார் என்பது வரலாறு.

அவர் வருமுன் இடி விழுந்தது. 1902 ஜனவரியில் கழகத்தைக் கலைக்க நீதிமன்ற உத்தரவு பிறந்தது. மொத்தக் கடன் 2,670 பவுன். வழக்குத் தொடுத்தவர் யார் என்று அறிந்தால் வியப்பீர்கள். கழகத்தின் தலைவராகவே இருந்த வில்லியம் ஹீலி! அவருக்கு வரவேண்டிய பாக்கி 242 பவுன் 17 ஷில்லிங் 10 பென்ஸ். கணக்கு எழுதியே காலம் கழிக்கும் நமக்கு, அந்தப் பத்துப் பென்ஸ்தான் நெஞ்சில் தைக்கிறது. அவர் கேட்டது தமக்கு உரிய பணமே. குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒரு பொதுக் காரியம் நலியும்போது, கணக்கை மட்டும் பார்ப்பவர் ஒருவகை. கணக்கையும் தாண்டிப் பார்ப்பவர் மற்றொருவகை என்பது இங்கே புலனாகிறது.

அமீனாக்கள் வந்து பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்தைப் பூட்டினர். அடுத்த ஆட்டமோ தொலைவிலுள்ள பிரிஸ்டல் நகரில். வண்டிச் செலவுக்குப் பணமில்லை. அணி அங்குப் போய்ச் சேராவிட்டால் கழகம் அன்றே முடிந்தது என்று பொருள். ஸ்டாஃபோர்ட் பலரிடமும் கேட்டுப் பயணச் செலவைத் திரட்டினார். இரண்டாம் அணியினர் ஆடுவதற்கு ஹார்பர்ஹே என்ற இடத்தில் தற்காலிக மைதானம் ஒன்றையும் தேடிப் பிடித்தார். பூட்டிய வாயிலின்முன் நின்று புலம்பாமல், நாளைய ஆட்டம் நடக்க வழி என்ன என்று பார்த்தாரே, அதுவே அவருடைய பெருமை. கழகத்தைக் காத்தது பின்னர் வந்த பெருந்தொகை என்பர். நாமோ, இந்த வண்டிச் செலவே அதைக் காத்தது என்போம். உயிர் போனபின் மருந்து வந்தென்ன பயன்?

அவ்வாண்டு மார்ச் மாதம் நியூ இஸ்லிங்டன் மண்டபத்தில் கழகத்தினர் கூடினர். தலைக்கு 500 பவுன் முதலிட முன்வந்துள்ள நால்வரைத் தாம் கண்டு வைத்திருப்பதாக அங்கே ஸ்டாஃபோர்ட் எழுந்து அறிவித்தார். அந்நால்வரில் தலையாயவர் டேவிஸ். அவரே கழகத்தின் தலைவருமானார். 1902 ஏப்ரல் மாதம் கழகத்திற்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. மான்செஸ்டர் சென்ட்ரல், மான்செஸ்டர் செல்டிக் என்றெல்லாம் ஆலோசித்து, முடிவில் மான்செஸ்டர் யுனைடெட் என்று வைத்தனர். ஆம் அன்பர்களே! நம் காலனிச் சிறுவர்கள் முதுகில் எண் பொறித்த சிவப்புச் சட்டை அணிந்து திரிகின்றனரே, அந்த உலகப் புகழ்பெற்ற கழகமேதான் இது. அச்சிவப்புச் சட்டையும் அந்த மறுபிறப்பில் வந்ததே. இரயில்வே தொழிலாளரின் பச்சையும் பொன்னும் அதற்கு முன்பே பெட்டிக்குள் போயிருந்தன.

அதன்பின் கழகத்துக்கு ஏறுமுகம். 1908இல் லீக் வெற்றி, 1909இல் எஃப். ஏ. கோப்பை. 1910 பிப்ரவரியில் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் திறக்கப்பட்டது. அதற்கு 60,000 பவுன் அளித்தவர் டேவிஸ். உண்டியல் சுமந்த நாயின் உரிமையாளரோ இப்பெருமைகளை உள்ளிருந்து காணும் பேறு பெறவில்லை. ஆட்டத்தை விட்டபின் நிர்வாகத்தில் இருந்த ஸ்டாஃபோர்ட், விதிக்கு மாறாக ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் கால்பந்துச் சங்கத்தாரால் விலக்கி வைக்கப்பட்டார். பின்னர் கடல் கடந்து சென்று, கனடா நாட்டில் காலமானார். அவர் குற்றமற்ற தெய்வப் பிறவி என்று நாம் கூற வரவில்லை. விதியை மீறியது தவறே. ஆனால் அத்தவறுக்காக அவர் செய்த நன்மையை மறப்பது அதனினும் பெரிய தவறு.

டேவிஸ் 1927இல் மறைந்தார். 1931இல் மீண்டும் பஞ்சம். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை, வங்கியும் கைவிரித்தது. அப்போது ஸ்டேசி லிண்டாட் என்ற விளையாட்டுப் பத்திரிகை எழுத்தாளர், ஜேம்ஸ் கிப்சன் என்ற வணிகரிடம் சென்று நிலைமையை விளக்கினார். கிப்சன் 2,000 பவுன் அளித்துக் கழகத்தைத் தூக்கி நிறுத்தினார். 1935இல் மைதானத்தை ஒட்டியே ஓர் இரயில் நிலையம் திறக்கப்பட்டதற்கும் அவர் முயற்சி துணை செய்தது. அருகிலுள்ள இரயில்வே பாலத்தில் அவருடைய நினைவுப் பலகையை இன்றும் காணலாம். இங்கும் பாருங்கள்: பணம் கொடுத்தவரின் பெயர் பாலத்தில் இருக்கிறது, போய்க் கேட்டவரின் பெயரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் எழுத வந்திருக்கமாட்டோம். நூறாண்டு கழிந்தபின், 2005இல், அக்கழகம் அயல்நாட்டுச் செல்வர் குடும்பம் ஒன்றின் கைக்கு மாறியது. வாங்குவதற்காகப் பட்ட கடனிற் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே ஏறிற்று. மனம் வெதும்பிய ரசிகர்களிற் சிலர் அவ்வாண்டே தமக்கென எஃப். சி. யுனைடெட் என்ற சிறு கழகத்தை அமைத்துக்கொண்டனர். 2010இல், ஓல்டு டிராஃபோர்டு மைதானத்திலேயே ஆயிரக்கணக்கானோர் கழுத்தில் ஒரு துண்டு அணிந்து வந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அத்துண்டின் நிறம் என்ன தெரியுமா? பச்சையும் பொன்னும்! கேரேஜ் – வாகன் தொழிலாளர் 1878இல் தேர்ந்த அதே நிறங்கள். பெட்டிக்குள் போனவை என்று நாம் மேலே சொன்னவை, மக்களின் கழுத்திலே மீண்டும் வந்து அமர்ந்தன. கழகம் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

நம் சங்கத்துக்கு ஓல்டு டிராஃபோர்டு வேண்டாம். 500 பவுன் தரும் நால்வரும் வேண்டாம். வாடகைக்கு எடுத்த கூடமும், பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு கரும்பலகையும், பொங்கலன்று கூட ஓர் இடமும் போதும். அந்தக் கூட்டத்தில், "மூடிவிடலாமே" என்ற சொல் எழுந்தபோது, பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் மேசைமேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலை முதல் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கினார். சிலர் காப்பி கொடுத்தனர். சிலர், "அடுத்த மாதம் பார்க்கலாம் ஐயா" என்றனர். அவர் அடுத்த மாதமும் வந்தார். நம் வீட்டுக்கும் வந்தார். நம்முடைய நிலுவை ஏழு மாதம் என்பதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் பெயரை இம்மலரில் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். போடவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் படியேறி வருவதற்குள், நாமே அவர் வீட்டுப் படியேறிச் சந்தாவைச் செலுத்திவிட்டு வருவோமாக. அதுவே அவருக்கு நாம் அணிவிக்கும் மாலை.