ரோசேசியாவுக்கு ஹோமியோபதி

ரோசேசியா முகத்தின் நடுப்பகுதியைத் தாக்கும் நாட்பட்ட தோல் அழற்சி நோய். கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களில் முதலில் அவ்வப்போது வந்து மறையும் சிவப்பு, நாளடைவில் தங்கிவிடும். மெல்லிய இரத்த நாளங்கள் தோலின் மேல் கோடுகளாகத் தெரியும். சிலருக்குப் பரு போன்ற கொப்புளங்கள் வரும், சிலருக்கு மூக்கு தடித்துப் பருக்கும், பலருக்குக் கண் உறுத்தும். பெரும்பாலும் 30 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உலகில் வயதுவந்தோரில் 5.46 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. கருமையும் மாநிறமும் கொண்ட தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால், நம்மிடையே எரிச்சலும் சூடும் மட்டும் முதலில் உணரப்பட்டு, நோய் பெயர் பெறாமலே பல ஆண்டுகள் போய்விடுவதுண்டு.

முழுதாக நீங்காமல் கூடியும் குறைந்தும் வரும் நோய் இது. இத்தகைய நோய்களுக்கே மாற்று மருத்துவங்களை நாடுவோர் அதிகம். அவற்றுள் ஹோமியோபதி ரோசேசியாவோடு ஏறத்தாழ இருநூறு ஆண்டு உறவு கொண்டது. நோயைத் தீர்த்ததற்கான சான்று அந்த வரலாற்றில் இல்லை. ஆனால் தோல் நோயை எப்படிப் பார்ப்பது என்ற ஒரு பெரிய தகராறு இருக்கிறது.

நோயின் பழைய முகம்

14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கை டு ஷோலியாக் முகத்தில் வரும் சிவந்த தடிப்புகளை விவரித்திருக்கிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரி கதைகளில் நீதிமன்ற ஊழியன் ஒருவனைத் தீப்போல் சிவந்த, பருக்கள் நிறைந்த முகத்தோடு படைத்தார். பூண்டும் வெங்காயமும் செம்மதுவும் அவனுக்கு உயிர். பாதரசம், மிருதாரசிங்கி, கந்தகம், வெங்காரம் என்று அக்காலத்தில் கிடைத்த எதுவும் அவன் பருக்களைப் போக்கவில்லை என்று சாசர் சொல்கிறார். அந்தப் பட்டியலில் உள்ள கந்தகத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, இந்தக் கட்டுரையில் அது மறுபடி வரும். 1490 வாக்கில் இத்தாலிய ஓவியர் கிர்லாண்டயோ பேரனோடு அமர்ந்திருக்கும் ஒரு முதியவரை வரைந்தார். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் முதியவரின் மூக்கு கட்டி கட்டியாகப் பருத்திருக்கிறது. ரோசேசியாவின் முற்றிய நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பழைய ஓவியம் இல்லை எனலாம்.

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் வில்லனும் அவர் மாணவர் தாமஸ் பேட்மனும் தோல் நோய்களை வகைப்படுத்தினார்கள். 1813-இல் வந்த பேட்மனின் நூல் இதை முகப்பருவின் ஒரு வகையாக ‘ஆக்னி ரோசேசியா’ என்று பதிந்தது. ஹோமியோபதி ஏடுகள் இன்றும் இந்தப் பழைய பெயரையே வைத்திருக்கின்றன.

அக்கால வைத்தியமோ கொடியது. அட்டை விட்டார்கள், இரத்த நாளங்களைக் கத்தியால் கீறினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், ஆர்செனிக் கரைசலைக் குடிக்கச் சொன்னார்கள். எந்தத் தீங்கும் செய்யாத ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டை இவற்றுக்கு எதிரில் வெற்றி பெற்றதில் வியப்பில்லை.

ஹானிமன்

ஹோமியோபதியை உருவாக்கிய சாமுவேல் ஹானிமன் 1755-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் பிறந்தார். 1790-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை மொழிபெயர்க்கும்போது, சின்கோனாப் பட்டையைத் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். மலேரியாவை ஒத்த குறிகள் தமக்குத் தோன்றியதாக எழுதினார். நலமாக இருப்பவரிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகளுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. 1796-இல் கட்டுரையாகவும் 1810-இல் ‘ஆர்கனான்’ நூலாகவும் அது வெளிவந்தது.

ரோசேசியாவைப் பொறுத்தவரை, ‘ஆர்கனான்’ நூலை விட 1828-இல் அவர் வெளியிடத் தொடங்கிய ‘நாட்பட்ட நோய்கள்’ முக்கியமானது. நாட்பட்ட நோய்களில் எட்டில் ஏழு பங்குக்குச் ‘சோரா’ என்ற உள்நச்சே காரணம் என்று அதில் அறிவித்தார். சோராவின் முதல் வெளிப்பாடு சொறி சிரங்கு. அதைக் களிம்பு பூசி அடக்கினால் நோய் உள்ளே போய், வேறு உறுப்பில் வேறு பெயரில் கிளம்பும் என்பது அவர் வாதம். ‘ஆர்கனான்’ நூலிலும் 185 முதல் 203 வரையுள்ள பத்திகள் இதையே சொல்கின்றன. உடலின் மேல் தெரியும் நோய் உள்நோயின் வடிகால், அதை வெளியிலிருந்து தொடக்கூடாது. பின்னர் அமெரிக்காவில் கான்ஸ்டன்டைன் ஹெரிங் இதை விரித்து, குணம் என்பது உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே நகரும் என்று விதி வகுத்தார். அந்த விதிப்படி உள்நோய் குறையும்போது தோல் நோய் கூடினால் அது நல்ல அறிகுறி.

சிரங்குக்குக் காரணம் ஓர் உண்ணி என்று இத்தாலியில் பொனோமோவும் செஸ்டோனியும் 1687-லேயே எழுதியிருந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1834-இல் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்ற மாணவர், ஊர்ப் பெண்கள் செய்வதைப் போல ஊசி நுனியால் உண்ணியை எடுத்துப் பாரிஸ் மருத்துவர்கள் கண்முன் காட்டினார். உண்ணியைக் கொல்லும் களிம்பு பூசினால் சிரங்கு போகும், வேறெங்கும் ஓடி ஒளியாது என்பது அதன்பின் உறுதியானது. சோராக் கொள்கையின் அடித்தளம் ஹானிமன் உயிரோடிருக்கும்போதே ஆட்டம் கண்டது. 1843-இல் அவர் இறந்ததும் பாரிஸில்தான்.

ஏடுகளில் ரோசேசியா

ஜேம்ஸ் டைலர் கென்ட் 1897-இல் வெளியிட்ட ‘ரெபர்டரி’ என்ற குறித்தொகுப்பில், முகம் என்ற பகுதியில் ஆக்னி ரோசேசியாவுக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. அதன்கீழ் மருந்துகள் வரிசையாக நிற்கின்றன. மருத்துவர் அந்த வரிசையை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில்லை. முகம் சிவப்பது காலையிலா மாலையிலா, சாப்பிட்டதும் சூடேறுகிறதா, மூடிய அறையில் இருக்க முடிகிறதா, எந்தப் பக்கம் படுப்பீர்கள், மாதவிலக்கு நின்றுவிட்டதா, கோபத்தை அடக்குகிறீர்களா என்று கேள்விகள் ஒரு மணி நேரம் நீளும். கன்னத்து எலும்பின் மேல் வட்டமாகச் சிவந்து, மாதவிலக்கு நிற்கும் வயதில் சூடு பரவுகிறவருக்குச் சாங்குனேரியா. கழுத்தில் துணி இறுகினால் பொறுக்காதவருக்கு லாக்கெசிஸ். பிராந்தி குடிப்பவரின் சிவந்த பருக்களுக்கு லீடம். குளித்தால் கூடும், சூட்டில் கூடும் என்றால் சல்ஃபர், அதாவது கந்தகம். சோராவுக்கு ஹானிமன் முதன்மையாகக் கருதிய மருந்து அதுதான்.

வில்லியம் போரிக்கின் கையடக்க மெட்டீரியா மெடிக்கா என்ற மருந்துக் குறிப்பு நூல் 1901-இல் வந்தது. 1927-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு இந்திய ஹோமியோபதி மருத்துவர் மேசையில் இன்றும் இருக்கும் நூல். கார்போ அனிமாலிஸ், யூஜீனியா ஜாம்போஸ் ஆகியவற்றின் கீழ் ரோசேசியாவை அதில் காணலாம். மூக்கில் ஊதா நிறப் பருக்கள், வசந்த காலத்தில் கூடும் என்றால் ஆர்செனிக்கம் புரோமேட்டம் என்கிறது அந்நூல். ரேடியம் புரோமைடும் உண்டு. ரேடியத்தைக் கியூரி தம்பதியர் கண்டுபிடித்தது 1898-இல்தான். அதைக் கையாண்டவர்களின் தோல் சிவந்தது, நாளங்கள் விரிந்தன. ஒத்தது ஒத்ததைக் குணமாக்கும் என்ற கணக்கில் அது ரோசேசியா மருந்தாகிவிட்டது. இந்த முறைக்குள் தர்க்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, தொடங்கிய இடம்தான் தவறு.

இந்த மருந்துகளை நீர்த்துத் தயாரிக்கும் வீரியப்படுத்தல் எளிய கணக்கு. ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்தில் கலந்து குலுக்கினால் 1 சி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்தால் 2 சி. பன்னிரண்டாம் படியிலேயே அவகாட்ரோ எண் கடந்துபோகிறது, அதற்கப்பால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் வாய்ப்பு மிகக் குறைவு. வழக்கமாகத் தரப்படும் 30 வீரியத்தில் ஒன்றுக்குப் பின் அறுபது சுழியம் போட்ட அளவு நீர்ப்பு. டிராம் சீசாவிலுள்ள உருண்டைகளில் சில சொட்டு விட்டுக் குலுக்கித் தருவது இந்தச் சாராயம்தான். வீரியப்படுத்தாத மூலக்கரைசலான தாய்க்கரைசலும் மிகக் குறைந்த வீரியமும் வேறு கதை. அவற்றில் பொருள் உண்மையிலேயே இருக்கிறது. பெர்பெரிஸ் அக்குவிஃபோலியம் போன்ற தாய்க்கரைசலை முகத்தில் பூசினால் ரோசேசியாத் தோல் எரியக்கூடும், ஆர்செனிக் உப்புகளைக் குறைந்த வீரியத்தில் நாட்கணக்கில் விழுங்குவது பாதுகாப்பானதும் அல்ல.

இந்தியாவுக்கு வந்தது

1839-இல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு மருத்துவம் பார்த்த ஹோனிக்பர்கர் ஹோமியோபதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுகிறார். தென்னாட்டில் 1840-களிலேயே, ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர் சாமுவேல் புரூக்கிங் தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் அரசர் ஆதரவோடு ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார். 1867-இல் கல்கத்தாவின் புகழ்பெற்ற மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் வெளிப்படையாக ஹோமியோபதிக்கு மாறியதும் அது வங்கத்தில் வேர்கொண்டது. 1973-இல் ஹோமியோபதிக்கான மத்திய கவுன்சில் சட்டம் வந்தது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முகத்தில் தொடர்ந்து பரு வந்தால் ஆங்கில மருந்துக்கு முன்பே உருண்டையை நாடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சைடு எஃபெக்ட் இல்லை என்பதே பெரும்பாலோர் சொல்லும் காரணம்.

ஸ்டீராய்டு என்ற திருப்பம்

அலோபதியும் இந்த நோயில் எப்போதும் நேர்வழியில் போனதில்லை. 1920-இல் ரைலும் பார்பரும் ‘லான்செட்’ இதழில் ரோசேசியா நோயாளிகளுக்கு வயிற்று அமிலம் குறைவு என்று எழுத, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ‘உள்ளே இருக்கிறது காரணம்’ என்ற நம்பிக்கை அவர்களையும் விடவில்லை. சோதனையில் தேறாததால் பின்னர் அது கைவிடப்பட்டது. 1966-இல் ஷெஃபீல்டு நகரத் தோல் மருத்துவர் இயன் ஸ்னெடன், ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வில் டெட்ராசைக்ளின் பயன்படுகிறது என்று காட்டினார். மூன்றாண்டு கழித்து அதே ஸ்னெடன், ஃபுளூரின் சேர்ந்த ஸ்டீராய்டு களிம்புகள் ரோசேசியாவை மோசமாக்குகின்றன என்று எச்சரித்தார். களிம்பு பூசும்போது முகம் தெளிந்துவிடும், நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகச் சிவக்கும்.

ஹோமியோபதியர் பார்வையில் இது ஹானிமன் சொன்னதேதான்: களிம்பு நோயை அடக்கியது, விட்டதும் கிளம்புகிறது. இந்த ஓர் இடத்தில் அவர்கள் தரும் அறிவுரை சரி, விளக்கம் தவறு. ஸ்டீராய்டு நாளடைவில் தோலை மெலிவிக்கிறது, நிறுத்தும்போது அதுவரை சுருங்கியிருந்த நாளங்கள் விரிகின்றன. வெளியே வர உள்நச்சு எதுவும் இல்லை. ரோசேசியாவுக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய களிம்புகள் அப்படி எதையும் செய்வதில்லை. ஆனாலும் ‘களிம்பே ஆகாது’ என்ற விதி அவற்றையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது.

இந்தியாவில் இது சிறிய செய்தி அல்ல. சிவப்பழகு கிரீம் என்று மருந்துக்கடைகளில் சீட்டின்றி விற்கப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. 2011-இல் வெளியான ஒரு பலமைய ஆய்வு, முகத்தில் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசியவர்கள் என்று கண்டது. 2018-இல் அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. இப்படிக் கெட்ட முகத்தோடு ஒருவர் ஹோமியோபதி மருத்துவரிடம் போகிறார். அவர் களிம்பை நிறுத்தச் சொல்லி உருண்டை கொடுக்கிறார். சில வாரம் முகம் தீயாய்ச் சிவக்கிறது, ‘நோய் வெளியே வருகிறது’ என்று ஆறுதல் கிடைக்கிறது. சில மாதங்களில் பலருக்குத் தோல் தானே தேறிவிடுகிறது. நன்றி உருண்டைக்குப் போகிறது. குணமாக்கியது களிம்பை நிறுத்தியதுதான்.

சான்று

ரோசேசியாவில் கூடுவதும் தணிவதும் இயல்பு. மிக மோசமான நாளில் மருத்துவரிடம் போகிறவர் எதைச் சாப்பிட்டாலும் பிறகு ஓரளவு தேறியிருப்பார். போதாததற்கு, மது, காரம், வெயில், காப்பி ஆகியவற்றைத் தவிர்க்கவும் ஹோமியோபதியர் சொல்கிறார்கள். இவற்றில் முதல் மூன்றும் பலருக்கு முகச் சிவப்பைத் தூண்டுபவையே. காப்பி மட்டும் ஹானிமனின் தனிப்பகை, 1803-இல் அதற்கெதிராகத் தனி நூலே எழுதினார். 1981-இல் ஜொனாதன் வில்கின் சோதித்தபோது சூடான காப்பி முகத்தைச் சிவக்கவைத்தது, ஆறிய காப்பி வைக்கவில்லை. குற்றவாளி சூடு. 2018-இல் 82,737 அமெரிக்கப் பெண்களின் தரவுகளை ஆராய்ந்ததில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே இருந்தது. டிகிரி காப்பி பிரியர்கள் ஆற்றிக் குடித்தால் போதும்.

2015-இல் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு ரோசேசியாச் சிகிச்சைகள் பற்றிய 106 சோதனைகளைத் தொகுத்தது. ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம், மெட்ரோனிடசோல், பிரிமோனிடின், டாக்சிசைக்ளின் முதலியவற்றுக்கு அது சான்று கண்டது. தேறியவற்றில் ஹோமியோபதி மருந்து எதுவும் இல்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் தேசிய நலவாழ்வு ஆய்வுக் கழகம், ஹோமியோபதி பயனுள்ளது என நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று முடிவு சொன்னது. 2017-இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. பிரான்ஸ் 2021 தொடக்கத்தில் அதற்கான காப்பீட்டுத் தொகையை நிறுத்தியது.

ஐவர்மெக்டின் இங்கே தனியாகக் குறிப்பிடத்தக்கது. முகத்தின் மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி 1840-களின் தொடக்கத்தில், ஹானிமனின் கடைசி ஆண்டுகளில், கண்டறியப்பட்டது. எல்லோர் முகத்திலும் அது உண்டு, ரோசேசியா உள்ளவரிடம் மிகுதி. தோலின் பாதுகாப்பு வினை அளவு மீறுவதில் அதற்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் களிம்பு 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘உள்நச்சு’ என்று ஹானிமன் நம்பிய சிரங்கைப் போலவே, இந்த நோயிலும் ஓர் உண்ணியும் ஒரு களிம்பும் கதைக்குள் வந்துவிட்டன. சாசர் கைவிட்ட கந்தகமும் திரும்பி வந்திருக்கிறது: விழுக்காட்டுக் கணக்கில் கந்தகம் கலந்த பூச்சுகளைத் தோல் மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள், கந்தகமே இல்லாத சல்ஃபர் 200-ஐ ஹோமியோபதியர் தருகிறார்கள்.

உருண்டை சாப்பிட விரும்புபவர் சாப்பிடலாம், உயர் வீரியத்தில் அது தீங்கு செய்யாது. முகத்தில் பூசும் எந்தக் கிரீமிலும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுப் பெயர்கள் உள்ளனவா என்று குழாயின் பின்புறம் படித்துப் பாருங்கள். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினாலோ, சிவந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ எந்த உருண்டைக்கும் காத்திராமல் கண் மருத்துவரிடம் போங்கள். கவனிக்காமல் விட்ட கண் ரோசேசியா கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையைக் கெடுக்கக்கூடும்.