மலைக்கு அப்பால் இயற்றப்பட்ட சட்டங்கள்: போடிநாயக்கனூரும் நகர்மன்றத்தின் குரலும்

வரி விதிக்கவும் தெரு அமைக்கவும் குடிநீர் வழங்கவும் ஒரு நகராட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தை அளிக்கும் சட்டமோ, அந்நகர மக்களின் தொழிலை ஆளும் சட்டமோ அதன் கூட்ட அரங்கில் இயற்றப்படுவதில்லை. மேலே இயற்றப்படவிருக்கும் சட்டத்தைப் பற்றிக் கீழேயுள்ள மன்றம் தன் கருத்தை யாரிடம், எந்த வழியில், எவ்வளவு வலுவோடு சொல்லலாம் என்பது உள்ளாட்சி வரலாற்றின் பழைய கேள்விகளுள் ஒன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நகர மன்றங்கள் மாநில மசோதாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஆதரவு அல்லது எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றுவதும், அதைத் தலைநகரில் எடுத்துரைக்கப் பெரிய நகரங்கள் ஆள் அமர்த்துவதும் வழக்கமாகிவிட்டன. தமிழ்நாட்டில் அத்தகைய வழக்கம் வேரூன்றவில்லை. ஆயினும் அதற்கு ஈடான சில வாயில்கள் வெவ்வேறு காலங்களில் திறந்து மூடப்பட்டன. வாழ்வாதாரம் ஒரு மாநிலத்திலும் வாக்குரிமை மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்துவிட்ட போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால், அவ்வாயில்களின் பயனும் எல்லையும் தெளிவாகப் புலப்படும்.

சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் நியமன உறுப்பினர்களைக் கொண்ட நகராட்சிகளை உருவாக்கியது. 1882 மே 18இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தை அடுத்து வந்த 1884ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குப் பரவலாக இடமளித்தது. சட்ட முன்வடிவு, அதாவது சட்டமாவதற்கு முன்னுள்ள வரைவு, புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியிடப்படும். சட்டமன்ற அவை விரும்பினால் அதைப் ‘பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடும்’ முறையும் இருந்தது. கருத்துக் கேட்பது அரசின் அல்லது அவையின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்ததே தவிர, கேட்கப்படுவது நகராட்சியின் உரிமையாக இருக்கவில்லை.

உரிமை என்று சொல்லத்தக்க ஒன்று 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்வழி வந்தது. நகராட்சிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரைப் பரிந்துரைக்க, ஆளுநர் அவரை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கும் முறை அப்போது ஏற்பட்டது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் இந்தப் பரிந்துரையை வெளிப்படையான தேர்தலாக மாற்றியது. இதனால் நகராட்சி உறுப்பினர்களின் கருத்து சட்டமன்றத்துக்குள் தமக்குரிய ஓர் உறுப்பினர் வாயிலாகச் சென்றது. ஆனால் 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தம் பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கும் தொகுதிகளைக் கொண்டுவந்தபோது, மக்களாட்சி விரிந்த அதே அடியில் நகராட்சிகளின் தனி வாயில் அடைபட்டது. அச்சீர்திருத்தம் ஏற்படுத்திய இரட்டையாட்சி முறையில் உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சரின் பொறுப்புக்கு வந்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்றங்களின் அதிகாரத்தை விரித்தாலும், அவற்றின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ நீக்கவோ வல்ல அதிகாரத்தை அரசிடமே விட்டுவைத்தது.

இந்த வாயில்கள் அனைத்தும் சென்னையை நோக்கித் திறந்தவை. போடிநாயக்கனூரின் பொருளாதாரமோ மேற்கே, மலையை நோக்கித் திரும்பியிருந்தது. பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்த இவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் அமைந்துள்ளது. போடிமெட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள ஏலமலைகள் அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தன. ஏலக்காய் அங்கு நெடுங்காலம் அரசின் ஏகபோகமாக இருந்தது. விளைந்ததை விவசாயி அரசிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற அம்முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டு, நிலத்துக்கு வரி செலுத்தும் முறை வந்தது. அதன்பின் சமவெளித் தமிழர் பலர் மலையில் ஏலத்தோட்டம் வைத்தனர். தோட்டம் மேலேயும் வீடும் கடையும் கீழேயும் என்ற வாழ்க்கை போடியில் இயல்பாயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது, மலைச்சரக்கு வந்திறங்கும் சந்தையாக ஊர் வளர்ந்ததை உறுதிப்படுத்தியது.

இவ்வாறு ஊரின் முதன்மைத் தொழிலை ஆண்ட விதிகள் சென்னையில் பிறக்கவில்லை. ஏலச் சாகுபடிக்கு அரசு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கான 1935ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் விதிகள், அவற்றின் வழியில் பின்னர் வந்த கேரள விதிகள், தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்த 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றும் போடியில் குடியிருந்த தோட்டக்காரரை நேரடியாகத் தொட்டன. போடி நகர்மன்றம் எத்தகைய தீர்மானம் நிறைவேற்றினாலும் அதைப் பெற்றுக்கொள்ளும் கடமை திருவனந்தபுரத்துக்கு இல்லை. தவிர, ‘விதி’ என்பது சட்டமன்றத்தில் விவாதிக்கப்படாமல் அரசின் நிர்வாக ஆணையாகவே வெளிவருவது. மசோதாவுக்குள்ள வெளிப்படையான கால அவகாசமும் அதற்கு இல்லை.

அந்த எல்லையையே மாற்றக்கூடிய மசோதா ஒன்று 1956இல் வந்தது. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட, பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்திடம், தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்தது. நாடெங்கிலுமிருந்து தனக்கு வந்தவை 1,52,250 மனுக்களும் கடிதங்களும் என்றும், அவற்றுள் நன்கு ஆராய்ந்து எழுதப்பட்டவை ஏறத்தாழ 2,000க்கு மேல் இல்லை என்றும் ஆணையம் தன் அறிக்கையில் குறித்தது. விருப்பத்தை மட்டும் தெரிவிக்கும் தந்திக்கும் அச்சிட்ட தீர்மானத்துக்கும், ஆதாரத்தோடு வாதிடும் மனுவுக்கும் இடையே மேலிடம் கண்ட வேறுபாட்டை இக்கணக்கு காட்டுகிறது. தெற்கிலுள்ள நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னைக்குப் பரிந்துரைக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர் பலர் குடிபெயர்ந்து வந்தவர் என்பதும் மலையின் பொருளாதார மதிப்பும் காரணங்களாகக் காட்டப்பட்டு, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி, எல்லையை மாற்றும் மசோதா குறித்துக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்கவேண்டியது அதனால் பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றத்திடம்தான். எல்லையோர நகராட்சிகள் அதில் இடம்பெறவில்லை. சட்டமன்றத்தின் கருத்துகூட நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

மாநிலத்துக்குள் மட்டும் பழைய வாயிலொன்று மீண்டும் திறந்தது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, சட்ட மேலவையின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை நகராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வகைசெய்தது. மேலவையால் ஒரு சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றியபின் ஒரு மாதமும் தாமதப்படுத்த முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. எனினும் நகர்மன்ற உறுப்பினரின் வாக்குக்குச் சட்டமியற்றும் இடத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு உள்ளாட்சித் தேர்தல் ஒழுங்காக நடப்பதைச் சார்ந்திருந்தது. தமிழக நகராட்சிகளுக்கு 1969க்குப் பிறகு 1986வரை தேர்தல் நடைபெறவில்லை. மன்றம் கலைந்து தனி அலுவலர் பொறுப்பேற்ற இடத்தில் உறுப்பினரும் இல்லை, உறுப்பினரின் வாக்கும் இல்லை. 1986இன் தொடக்கத்தில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல் மேலவையே கலைக்கப்பட்டது.

ஏலக்காயைப் பொறுத்தவரை, சட்டத்தின் இருப்பிடம் அதற்கு முன்பே டெல்லிக்கு மாறிவிட்டது. நாடாளுமன்றம் 1965இல் இயற்றிய ஏலக்காய்ச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது; 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தால் 1987இல் அது புதிய வாரியத்துள் சேர்ந்தது. ஏலம் விடுவோருக்கும் வாங்குவோருக்கும் உரிமம் வழங்கும் அதிகாரம் இவ்வாரியத்துடையது. 2007இல் போடியிலும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்ததும் இதுவே. விவசாயிகளுக்கும் வணிகருக்கும் மாநில அரசுகளுக்கும் வாரியத்தில் இடம் உண்டு. ஏலம் நடக்கும் நகரத்தின் மன்றத்துக்கு இல்லை. ஆகவே தொழில் சார்ந்த சட்டங்களில் ஊரின் நிலைப்பாட்டை எடுத்துச் செல்லும் பணி, நகர்மன்றத்தைவிட விவசாயிகள், வணிகர்களின் சங்கங்களிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் சேர்ந்தது. 1989இல் ஜெயலலிதாவும் 2011 முதல் ஓ. பன்னீர்செல்வமும் வென்ற தொகுதி இது என்பதால், அந்த வழி சில காலம் அதிகாரத்தின் மையம்வரை நீண்டது.

அண்டை மாநிலச் சட்டத்தைப் போடி அமைந்துள்ள மாவட்டம் எதிர்கொண்ட விதத்துக்கு முல்லைப் பெரியாறு அணை சான்றாகிறது. அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளிக்க, கேரளம் மறுமாதமே 136 அடியில் நிறுத்தும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் 2014 மே 7இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த நீரை நம்பிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு மசோதா நிலையில் பேச வாயில் இல்லாததால், தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கே அவற்றின் மறுப்பாயிற்று. அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 18 துறைகளைப் பட்டியலிட்டு, அவற்றை நகராட்சிகளுக்கு ஒப்படைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. அத்துறைகளைப் பற்றிய மசோதாவில் நகராட்சியின் கருத்தைக் கேட்டாகவேண்டும் என்று அது சொல்லவில்லை. 2016 முதல் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி நிலவி, 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் முன் முதலில் வந்தவற்றுள் ஒன்று, சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடுவரை உயர்த்தும் பொருள். அரசு முடிவெடுத்து அறிவித்ததை மன்றம் தீர்மானமாக ஏற்றது: கருத்து கீழிருந்து மேலே செல்லவில்லை, ஆணை மேலிருந்து கீழே வந்தது. 1920ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 1998இல் இயற்றப்பட்டு நெடுநாள் கிடப்பில் இருந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்ததும் இத்தகைய சூழலில்தான். ஏலமலை அடிவாரத்தின் இந்த நூறாண்டுக்கும் மேலான வரலாற்றிலிருந்து பெறக்கூடிய முடிவு இதுவே: ஒரு மன்றத்தின் தீர்மானம் வலுப்பெறுவது அதன் சொற்களால் மட்டுமல்ல, அதைப் பெற்றுக்கொண்டு பதிலளிக்கும் கடமை மறுமுனையில் யாருக்கேனும் உண்டா என்பதாலும்தான். அக்கடமை சட்டத்தில் எழுதப்படாதவரை, போடி போன்ற நகரங்களின் நிலைப்பாடு மனுவாகவே தங்கிவிடுகிறது.