பேணும் அறுவை: நகரமைப்புச் சொல்லாட்சி ஒன்றின் வரலாறு

1. முன்னுரை

நகரத்தை ஓர் உடலாகக் காணும் உருவகம் மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. சாலை நாளமாகிறது, பூங்கா நுரையீரலாகிறது, நெரிசல் மிக்க குடியிருப்பு நோயாகிறது. இவ்வுருவகம் அணியழகோடு நின்றுவிடுவதில்லை. எது நோய், எது மருந்து என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. இவ்வுண்மையை இந்திய நகரமைப்பு வரலாற்றிலிருந்து விளக்குவதும், 'சஸ்டெய்னபிள்' என்னும் அடைக்குரிய தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கு அது தரும் தெளிவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இடித்தல் என்னும் மருந்து

1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. அதன் விளைவாக 1898இல் சட்டத்தின்வழி நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோற்றுவிக்கப்பட்டது. அடைசலான குடியிருப்புகளை இடித்து அகன்ற தெருக்களை அமைப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. வீடிழந்த ஏழைகளுள் பலர் அண்டைச் சந்துகளில் புகுந்து மேலும் நெருங்கி வாழ நேர்ந்தது. நெரிசல் இடம்பெயர்ந்ததேயன்றி நீங்கவில்லை. 'மேம்பாடு' என்ற சொல் தெருவைக் குறித்தது. தெருவில் வாழ்ந்தோரைக் குறிக்கவில்லை.

3. கெடிஸின் மாற்றுவழி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர் பாட்ரிக் கெடிஸ் (1854-1932), சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியா வந்தார். நகரத்தை உடலாகக் காணும் உருவகத்தை அவரும் ஏற்றார். ஆனால் அதிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார். மருத்துவன் நோயை ஆய்ந்தறிந்த பின்னரே கத்தியை எடுக்க வேண்டும்; எடுத்தாலும் இயன்றவரை உறுப்பைக் காக்க வேண்டும். இம்முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி'. பழுதடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, எஞ்சிய தெருவை அவ்வாறே காப்பது இதன் செயல்முறை.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பது தெளிவான பின், குளங்களைத் தூர்க்கும் போக்கு வலுப்பெற்றது. கெடிஸ் இதனை எதிர்த்தார். குளம் வெப்பத்தைத் தணிக்கிறது, மழைவெள்ளத்தைத் தாங்குகிறது. மீனும் வாத்தும் இருப்பின் கொசுப்புழு பெருகாது என்பது அவர்தம் வாதம்.

இந்தூரில் அவர் பணியாற்றத் தொடங்கியபோது, கொள்ளைநோயைக் கொண்டுவருபவரே அவர்தாம் என மக்கள் அஞ்சினர் என்பர். அளப்பவர் வந்தால் இடிப்பவர் பின்வருவார் என்பது அவர்தம் பட்டறிவு. கெடிஸ் தீபாவளி ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்ட தெருக்களின் வழியே அது செல்லும் என அறிவிக்கப்பட்டது. மக்கள் தாமே வீடுகளைத் தூய்மை செய்து வெள்ளையடித்தனர். நோயைக் குறிக்கும் பெரிய எலியுருவமும் ஊர்வலத்தில் இடம்பெற்றது. இந்தூர் பற்றிய அவரது அறிக்கை 1918இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

4. சொல்லும் பொருளும்

'கன்சர்வேட்டிவ்' என்பதை அரசியல் வழக்கைப் பின்பற்றிப் 'பழமைவாத' எனப் பெயர்த்தால் கெடிஸின் கருத்து சிதையும். அது மருத்துவத்திலிருந்து பெற்ற சொல். 'பேணும் அறுவை' என்பதே பொருந்தும்.

'சஸ்டெய்னபிள்' என்பதற்கும் இது பொருந்தும். 1987இல் பிரண்ட்லண்ட் குழுவின் அறிக்கை இவ்வடையை உலகெங்கும் பரப்பியது. தமிழில் 'நிலையான', 'நீடித்த', 'வளங்குன்றா', 'பேண்தகு' முதலியன வழங்குகின்றன. 'நிலையான' என்பது மாறாமையைச் சுட்டும், நகரமோ மாறுவது. 'நீடித்த' என்பது காலத்தை மட்டும் சுட்டும். 'வளங்குன்றா' என்பது வளத்தைச் சுட்டும், வாழ்வோரைச் சுட்டாது. 'பேண்' என்னும் வினையடியோ பேணுவார் ஒருவரையும் பேணப்படுவதையும் வேண்டி நிற்கிறது. நோயின்மை மட்டுமே நலமன்று. உடல், உள்ளம், சமூகம் ஆகியவற்றின் நல்வாழ்வே நலம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையோடும் இச்சொல்லே இயைகிறது.

5. முடிவுரை

பம்பாயில் நகரம் திருத்தப்பட்டது. இந்தூரில் நகரத்தார் தம் நகரைத் தாமே பேணினர். நகர வளர்ச்சி பற்றிய நூல்களைப் பெயர்ப்போர் அடைமொழியைத் தேரும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம். மக்களுக்கு இடந்தராத சொல் திட்டத்தில் புகுமாயின், திட்டமும் அவர்களுக்கு இடந்தராது போகக்கூடும்.