டாக்காவுக்குத் திரும்பி வந்த கேப்டன்

1961 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அரை மணி நேர நாடகம் ஒன்று ஒளிபரப்பானது. அப்போது நம் புதுச்சேரியில் ரேடியோப் பெட்டி வைத்திருந்த வீடே பெரிய வீடு. டெலிவிஷன் என்ற சொல்லைக்கூட நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அந்த நாடகத்தை நான் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, பேரன் கணினியில் போட்டுக் காட்டியபோதுதான். 'ட்வைலைட் சோன்' என்ற தொடர் அது. 1959 முதல் 1964 வரை 156 கதைகள் வந்தன. ஒவ்வொன்றும் தனிக் கதை. பேய், பிசாசு, வேற்றுக்கிரகம், கெட்ட கனவு என்று போகும். நான் சொல்ல வந்த கதையின் பெயர் 'டெத்ஸ் ஹெட் ரீவிசிட்டட்'. எழுதியவர் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்.

கதை சிறியதுதான். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குப் பக்கத்தில் டாக்காவ் என்ற சிற்றூர். அங்கே ஒரு விடுதிக்கு ஷ்மிட் என்ற பெயரில் ஒருவர் வருகிறார். நல்ல உடுப்பு, நல்ல உடம்பு, முகத்தில் ஒரு திமிர். வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாளுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிடுகிறது. வாய் திறந்து சொல்ல முடியவில்லை. வந்தவர் லூட்ஸே. போர்க்காலத்தில் அந்த ஊர் வதை முகாமில் நாஜி எஸ்.எஸ். படையின் கேப்டன். போர் முடிந்ததும் தென்னமெரிக்காவுக்கு ஓடி ஒளிந்தவர், இப்போது பழைய இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். பாவத்தைக் கழுவ வந்தவர் இல்லை, பழைய பெருமையை நினைத்து மகிழ வந்தவர். இங்கேதான் தூக்குமரம், இங்கேதான் அடித்தது என்று ரசித்துக்கொண்டே முகாமுக்குள் நடக்கிறார்.

அங்கே பெக்கர் என்ற முன்னாள் கைதி நிற்கிறார், கோடு போட்ட கைதி உடையோடு. காவலாளியாக இருக்கிறார் போலும் என்று லூட்ஸே நினைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக மற்றக் கைதிகளும் வருகிறார்கள், விசாரணை நடக்கிறது, தீர்ப்பும் சொல்கிறார்கள். அந்த நடுவில்தான் லூட்ஸேக்கு நினைவு வருகிறது: இந்தப் பெக்கரைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறோமே! தண்டனை மரணம் அல்ல. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த வலி ஒவ்வொன்றையும் மனத்தால் அனுபவித்துப் புத்தி பேதலிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசலில் துப்பாக்கிக் குண்டு, தூக்குமரம், சித்திரவதை அறை என்று ஒவ்வோர் இடத்திலும் அவர் துடிக்கிறார். அவரை யாரும் தொடவில்லை. ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை. இன்றைக்கு வரும் பேய்ப் படங்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது. 'டெத்ஸ் ஹெட்' என்றால் மண்டையோடு. எஸ்.எஸ். ஆட்கள் தொப்பியில் அணிந்த சின்னம் அதுதான். வதை முகாம்களைக் காவல் காத்த பிரிவுக்கே மண்டையோட்டுப் பிரிவு என்றுதான் பெயர். ஈவ்லின் வா 1945-இல் எழுதிய 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' என்ற நாவலின் பெயரை வைத்து விளையாடியிருக்கிறார் செர்லிங்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பெக்கராக நடித்தவரின் பெயர்: ஜோசப் ஷில்ட்கிராவுட். வியன்னாவில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் வயதுக்காரர்களுக்குத் திரேஃபுஸ் வழக்கை நினைவுபடுத்த வேண்டியதில்லை. செய்யாத தேசத்துரோகத்துக்காக 1894-இல் தண்டிக்கப்பட்டு, தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்ட யூத ராணுவ அதிகாரி. 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையில் எமில் ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை எங்கள் ஆசிரியர் வகுப்பில் வாசித்தபோது அவர் குரல் நடுங்கியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஜோலாவின் வாழ்க்கையை ஹாலிவுட் 1937-இல் படமாக எடுத்தது. அதில் திரேஃபுஸாக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர் இதே ஷில்ட்கிராவுட். பிறகு 1959-இல் வந்த 'ஆன் பிராங்க்' படத்தில் அந்தச் சிறுமியின் தகப்பனாரும் அவர்தான். திரேஃபுஸ், ஆன் பிராங்கின் தகப்பனார், டாக்காவ் கைதி. ஐம்பது வருடச் சரித்திரம் ஒரே முகத்தில். விடுதி அம்மாளாக வந்த காரன் வெர்னும் பெர்லினில் பிறந்து, நாஜிகளை வெறுத்து நாட்டைவிட்டுப் போனவர்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய அடால்ஃப் ஐக்மனை 1960 மே மாதம் இஸ்ரேல்காரர்கள் அர்ஜென்டினாவில் பிடித்தார்கள். 1961 ஏப்ரல் 11-இல் ஜெருசலேமில் விசாரணை தொடங்கியது. நடவடிக்கைகளை வீடியோ நாடாவில் பதிந்து விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அந்த வழுக்கைத்தலை மனிதர் உட்கார்ந்திருந்ததை ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். ஆகஸ்டில் வாதங்கள் முடிந்தன. தீர்ப்பு டிசம்பரில். செர்லிங்கின் நாடகம் வந்தது இந்த இரண்டுக்கும் நடுவே. தென்னமெரிக்கா, பொய்ப்பெயர், உத்தரவுப்படி செய்தேன் என்ற வாதம், எல்லாமே பத்திரிகையில் அன்றாடம் வந்துகொண்டிருந்த செய்திதான்.

அப்படியானால் நேராகவே எழுதியிருக்கலாமே, பேயை ஏன் கொண்டுவந்தார்? அதற்குக் காரணம் விளம்பரதாரர்கள். அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் சோப்புக் கம்பெனியும் சிகரெட்டுக் கம்பெனியும் வைத்ததுதான் சட்டம். எம்மட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் 1955-இல் கொல்லப்பட்டதை வைத்துச் செர்லிங் நாடகம் எழுதினார். மறு வருடம் அது ஒளிபரப்பானபோது எந்த ஊர், எந்த இனம் என்பதே தெரியாதபடி அறுத்துத் தள்ளியிருந்தார்கள். இன்னொரு கூத்து 1959-இல். நியூரம்பர்க் விசாரணையைப் பற்றி ஆபி மான் எழுதிய நாடகத்தை அதே சி.பி.எஸ். ஒளிபரப்பியது. விளம்பரதாரர் எரிவாயு வியாபாரிகள் சங்கம்! விஷவாயுக் கூடங்களைப் பற்றி நடிகர் பேசும் இடத்தில் 'வாயு' என்ற சொல் காதில் விழாமல் ஒலியை நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. செவ்வாய்க்கிரகத்து மனிதனும் ஆவியும் பேசினால் கம்பெனிக்காரர்கள் கண்டுகொள்வதில்லை என்பதைச் செர்லிங் புரிந்துகொண்டார். அவரே யூதர், பாராசூட் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் போரிட்டுக் காயம்பட்டவர். பேசாமல் இருக்க அவரால் முடிந்திருக்காது.

நிஜமான டாக்காவ் 1933 மார்ச் 22-இல் திறக்கப்பட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைபட்டார்கள். 41,500 பேராவது இறந்தார்கள். 1945 ஏப்ரல் 29-இல் அமெரிக்கப் படை வந்து மிஞ்சியவர்களை விடுவித்தது. அந்த 41,500 பேரில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் நூர் இனாயத் கான். பரோடாவிலிருந்து போன சூஃபி இசைக்கலைஞரின் மகள், பாரீஸ் பக்கம் வளர்ந்தவர், புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் ரகசிய வயர்லெஸ் இயக்குபவராகப் பிரிட்டிஷார் அனுப்பினார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டார், எத்தனை மாதம் வதைத்தும் வாய் திறக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 காலையில் டாக்காவில் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது.

விக்தோர் உய்கோவின் 'லா கோன்சியான்ஸ்' கவிதையை நாங்கள் மனப்பாடம் செய்தோம். தம்பியைக் கொன்ற காயீன் ஓடுகிறான், மதில் எழுப்புகிறான், கடைசியில் பூமிக்குள் குகையில் போய் அடைந்துகொள்கிறான். ஒரு கண் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. செர்லிங்கின் கதையும் அந்த வம்சம்தான். ஆனால் ஒரு வேறுபாடு. காயீனுக்குக் கண் உள்ளேயே இருந்தது. லூட்ஸேக்கு அப்படி ஒன்றும் இல்லை. செத்தவர்கள் எழுந்து வந்து வைக்க வேண்டியிருந்தது. சரித்திரத்தைப் பார்த்தால் செர்லிங் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லியோன் நகரில் வதைத்த கிளாவுஸ் பார்பி, பொலிவியாவில் ஆல்ட்மன் என்ற பெயரில் வியாபாரம் செய்துகொண்டு வாழ்ந்தார். போருக்குப் பின் அவரை உளவு வேலைக்கு வைத்துக்கொண்டு தப்பிக்க விட்டது அமெரிக்க ராணுவமே. 1983-இல் அமெரிக்கா பிரான்சிடம் அதற்காக வருத்தமும் தெரிவித்தது. 1987-இல் லியோனில் வழக்கு நடந்தபோது பெரும்பாலான நாள் நீதிமன்றத்துக்கு வரவே மறுத்தார். சாட்சி சொல்ல வந்த முதியவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

கதையில் பெக்கர் இதைப் பழிவாங்கல் என்று ஒப்புக்கொள்வதில்லை; நீதி என்கிறார். எனக்கு அது முழுச் சமாதானமாக இல்லை. வலிக்கு வலி என்று அளந்து கொடுப்பது பழிதான். நிஜ நீதி இவ்வளவு அழகாக இராது. டாக்காவில் 1945 கடைசியில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் 40 பேரை விசாரித்தது. எல்லோரும் குற்றவாளிகள் என்று முடிவாகி, 36 பேருக்கு மரண தண்டனை விதித்து, 28 பேரைத் தூக்கிலிட்டார்கள். சாட்சி, ஆவணம், மொழிபெயர்ப்பாளர் என்று சலிப்பூட்டும் வேலை. அந்தச் சலிப்பில்தான் எனக்கு நம்பிக்கை.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். 'மேலிட உத்தரவுப்படி' என்ற தொடரின் வசதி எனக்குத் தெரியும்: அதில் எழுதியவன் பெயர் இருக்காது. லூட்ஸே சாட்டை பிடித்தவர், அவரை வெறுப்பது சுலபம். ஐக்மன் வேறு ரகம். தன் கையால் ஒருவரையும் கொல்லவில்லை என்று கடைசிவரை சொன்னார். ரயில் நேர அட்டவணை, பெட்டிக் கணக்கு, பட்டியல், கையெழுத்து, இவைதான் அவர் வேலை. அவருக்காக எந்த ஆவி எழுந்து வரும்? செர்லிங் அந்த இடத்துக்குப் போகவில்லை. அரை மணி நேரத்தில் போகவும் முடியாது.

நாடகத்தின் கடைசியில் லூட்ஸேயைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்கிறார்கள். வைத்தியர் முகாமைச் சுற்றிப் பார்த்து, இந்த இடத்தை இன்னும் ஏன் இடிக்காமல் வைத்திருக்கிறோம் என்று கேட்கிறார். அதற்குச் செர்லிங்கின் குரல், இவை நிற்கத்தான் வேண்டும் என்று பதில் சொல்லி முடிக்கிறது. திரையில் தெரியும் முகாமோ, ஒரு கௌபாய்ப் படத்துக்காகப் போட்ட கோட்டை செட்.

அதே 1961-இல் உண்மையான டாக்காவ் முகாம் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மானிய அகதிக் குடும்பங்களை 1948 முதல் அங்கே குடிவைத்திருந்தார்கள். கைதிகள் செத்த கொட்டடிகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள். உயிர் பிழைத்த கைதிகள் விடாமல் போராடித்தான் 1965-இல் அது நினைவிடமானது. அதற்குள் பழைய மரக்கொட்டடிகளை இடித்துவிட்டார்கள். பார்வையாளர்களுக்காக இரண்டை மட்டும் பழைய மாதிரியில் புதிதாகக் கட்டினார்கள். மற்ற 32 கொட்டடிகள் இருந்த இடத்தில் தரையில் ஒரு சிமெண்ட் வரம்பும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் இருக்கின்றன.