திரிகடுகத்தின் மூன்றாம் பொருள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை வகுப்பில் அறிமுகம் செய்துகொண்டிருந்தோம். திரிகடுகம் என்ற பெயருக்குரிய மூன்று பொருள்கள் எவை என்று கேட்டதும் சுக்கு, மிளகு என்ற விடைகள் உடனே வந்தன. திப்பிலி என்று சொன்ன ஒரு மாணவியும் அதைக் கண்டதில்லை. மறுநாள் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வாங்கிச் சென்று வகுப்பில் கொடுத்தோம். கடித்துப் பார்த்தவர்கள் மிளகைவிடக் காரம் என்றார்கள். இத்தனை காரமான ஒன்றை நாம் எப்படி மறந்தோம் என்ற கேள்வி அன்று எழுந்தது.

நல்லாதனார் தம் நூலுக்கு இப்பெயரை வைத்தது தற்செயலன்று. மூன்று மருந்துகள் உடல் நோயைப் போக்குவதுபோல, ஒவ்வொரு பாடலிலும் வரும் மூன்று கருத்துகள் மனநோயைப் போக்கும் என்பது கருத்து. கணிமேதாவியாரின் ஏலாதியும் மருந்தின் பெயர் பெற்றதே. அதன் ஆறு சரக்குகளில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் அடங்கியிருப்பது நோக்கத்தக்கது. பசித்தீயைத் தூண்டிச் செரிமானத்தைச் சீராக்கவே சித்த மருத்துவம் இம்மூன்றையும் சேர்த்துத் தருகிறது.

ஒரு காலத்தில் திப்பிலியின் மதிப்பு மிளகினும் பெரிது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி தரும் உரோமாபுரி விலைப்படி, ஒரு பவுண்டு கருமிளகு 4 தினாரியம். திப்பிலியோ 15 தினாரியம். திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற வடசொல்லே கிரேக்கத்தில் 'பெப்பெரி'யாகி, இலத்தீன் வழியே ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று. பெயர் மிளகுக்குப் போயிற்று, பொருள் பின்தங்கிவிட்டது.

மிளகுக்கும் பின்னர் ஒரு போட்டி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துச் செடியொன்று இங்கு வந்து சேர்ந்தது. நம்மவர் அதன் காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றனர். வீட்டுத் தோட்டத்திலேயே எளிதில் விளைந்த அக்காய், அடுக்களைக் காரத்தில் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொண்டது. திப்பிலி மருந்துப் பெட்டிக்குள் ஒதுங்கிற்று. தீபாவளி லேகியத்திலும், அதன் வேர்த்தண்டான கண்டந்திப்பிலி சிலர் வீட்டு இரசத்திலும் எஞ்சியிருக்கிறது.

இன்று அது குப்பிகளில் திரும்பி வருகிறது, முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என்ற விளம்பரத்தோடு. இவ்விடத்தில் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தை நினைவுகூர வேண்டும். அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. ஆனால் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. ஆறு குறள்கள் உண்ணும் முறையைப் பேசுகின்றன. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதே உடம்பை நெடுநாள் கொண்டுசெலுத்தும் வழி என்கிறார் வள்ளுவர்; வயிற்றுத் தீயின் அளவை மீறி உண்பவனுக்கு நோயும் அளவின்றி வரும் என்கிறார்.

மருந்துச் சரக்கை நம் முன்னோர் குறைத்து மதித்தாரல்லர். நீதி நூலுக்கே அதன் பெயரைச் சூட்டியவர்கள். ஆயினும் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வேறு மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டக்கூடியது என்பதை இன்றைய ஆய்வு காட்டியிருக்கிறது. அன்றாடம் மாத்திரை உண்ணும் முதியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்குப்பிகளை நாடலாகாது. மறந்த திப்பிலியை நாட்டு மருந்துக் கடையில் மீட்டுக்கொள்ளலாம். மறந்த அளவை அவரவர் இலை முன்னமர்ந்துதான் மீட்க வேண்டும்.