பெருநாள் தட்டும் அடுத்த வீட்டு வாசலும்

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், துணியால் மூடிய ஒரு தட்டை நம் கையில் தந்து, "பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வா மகன்" என்று உம்மா அனுப்பிய நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். றொசல்ல, வட்டவளை, ஹட்டன், கினிகத்தேனை என நம் மலையகத்து ஊர்களில் அந்தத் தட்டு பெருநாளின் ஓர் அங்கமாகவே இருந்து வந்தது. இன்று அது குறைந்து வருகிறது. சில வீடுகளில் கடையில் வாங்கிய பெட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேறு சில வீடுகளில் "கொடுத்தால் வாங்குவார்களோ, மாட்டார்களோ" என்ற தயக்கம் தட்டை அடுப்பங்கரையிலேயே நிறுத்திவிட்டது. அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து வந்தது என்ற வரலாற்றை அறிந்தால், அதனை நிறுத்திவிட நம் மனம் ஒருபோதும் இணங்காது.

மதீனாவில் ஒரு பாத்திரம்

நபி (ஸல்) அவர்கள் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களை மணமுடித்த வேளையில், அன்ஸாரிப் பெண்மணியான உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் பேரீச்சம்பழம், நெய், காய்ந்த பாற்கட்டி ஆகியவற்றைக் கலந்து 'ஹைஸ்' எனும் உணவைத் தம் கையால் தயாரித்தார்கள். அதை ஒரு பாத்திரத்தில் இட்டுத் தம் மகன் அனஸ் (ரழி) அவர்களிடம் கொடுத்து, தமது ஸலாத்தை எத்திவைக்குமாறும், இது எங்களிடமிருந்து வரும் சிறியதொரு பொருளே என்று சொல்லுமாறும் பணித்தார்கள். நபியவர்கள் அதை ஏற்று, காண்போரையெல்லாம் அழைத்துவரச் சொன்னார்கள். சுமார் 300 பேர், பத்துப் பத்துப் பேராக அமர்ந்து வயிறார உண்டார்கள். பாத்திரத்தை வைத்தபோது உணவு அதிகமாக இருந்ததா, எடுத்தபோது அதிகமாக இருந்ததா என்று தமக்குத் தெரியவில்லை என அனஸ் (ரழி) அவர்கள் பிற்காலத்தில் அறிவித்தார்கள்.

இந்நிகழ்வை நன்கு கவனியுங்கள். உணவு விலையுயர்ந்ததல்ல, வீட்டில் இருந்தவற்றைக் கொண்டு ஆனது. செய்தவர் ஒரு தாய். சுமந்து சென்றவர் ஒரு சிறுவர். சிறியது என்று பணிவுடன் சொன்னது கொடுத்த கை. அதைச் சிறியதாக எண்ணாமல் பெற்றுக்கொண்டவர்கள் அல்லாஹ்வின் தூதர். நம் பெருநாள் தட்டின் ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஓர் ஆட்டுக் குளம்பாயினும் அண்டை வீட்டுப் பெண் தரும் அன்பளிப்பை அற்பமாகக் கருத வேண்டாம் என்று முஸ்லிம் பெண்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். குழம்பு வைத்தால் சற்று நீரைக் கூட்டி அயலவருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்னார்கள். தமக்கு இரண்டு அயலவர் இருக்கின்றனர், யாருக்கு அன்பளிப்புச் செய்வது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் வினவியபோது, எவரது வாசல் மிக அருகில் உள்ளதோ அவருக்கு என்று விடையளித்தார்கள்.

சகோதரர்களே! உறவையோ செல்வத்தையோ மார்க்கத்தையோ அங்கே அளவுகோலாக வைக்கவில்லை. வாசலின் தூரமே அளவுகோலாயிற்று. நம் தோட்டத்து லயங்களில் ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்த மிக அருகிலுள்ள வாசல் பெரும்பாலும் ஒரு தமிழ் இந்துக் குடும்பத்தின் வாசல். கடைவீதியில் அது ஒரு சிங்கள பௌத்தரின் வாசலாகவும் இருக்கலாம்.

தாய் கொண்டுவந்த நெய்

"அயலவர் முஸ்லிமாக இல்லையென்றால்?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஸஹாபாக்களின் வாழ்வில் தெளிவான விடை இருக்கிறது. ஒரு வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் தம் வீட்டாரிடம், நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மற்றொரு நிகழ்வு இன்னும் உள்ளத்தைத் தொடக்கூடியது. கி.பி. 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை ஏற்பட்டு, மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் பாதை திறந்த காலம் அது. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரழி) அவர்களின் தாயார் குதைலா, அன்று இஸ்லாத்தை ஏற்காதவர். காய்ந்த பாற்கட்டியும் நெய்யும் எடுத்துக்கொண்டு மகளைக் காண மதீனா வந்தார். மகளோ அவற்றை வாங்கவும், தாயை வீட்டினுள் அனுமதிக்கவும் தயங்கினார். விடயம் நபியவர்களிடம் கொண்டு செல்லப்பட்டது. அன்பளிப்பை ஏற்கவும், தாயை வீட்டுக்குள் அழைக்கவும் பணித்தார்கள். நம்மோடு போரிடாத, நம்மை நம் இல்லங்களிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற கருத்துடைய, ஸூரத்துல் மும்தஹினாவின் 8ஆம் வசனம் இத்தருணத்தில் அருளப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது.

வட்டிலப்பம் சொல்லும் வரலாறு

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்குத் தம் நாட்டில் புகலிடம் தந்தார். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிச் சென்று, மலைநாட்டின் பாக்கையும் மிளகையும் கொண்டுவந்து விற்ற முஸ்லிம் வணிகர்கள் பல தலைமுறைகளாக இக்காட்டுப் பாதைகளில் நடந்தார்கள். பின்னர் கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதப் பாதை, வட்டவளை, றொசல்ல, ஹட்டன் வழியாக 1885இல் நானுஓயாவைச் சென்றடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயங்களில் குடியேற்றப்பட்டார்கள். முஸ்லிம் வணிகர்கள் தோட்டத்து நகரங்களில் கடை வைத்தார்கள். இவ்வாறுதான் நாம் ஒருவருக்கொருவர் அயலவர் ஆனோம்.

நம் பெருநாள் தட்டில் முதலிடம் பெறும் வட்டிலப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு ஆகியவற்றைக் கலந்து ஆவியில் அவிக்கும் இம்முறை, ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த மலாய் முஸ்லிம்களுடன் வந்தது என்பதே பரவலான கருத்து. மலாயரின் 'ஸ்ரிகாயா' இதை ஒத்தது. பெயரோ தமிழ்: வட்டிலில் அவிக்கும் அப்பம். அதற்கு நிறமும் மணமும் தரும் கித்துல் கருப்பட்டி, கித்துல் மரத்தில் ஏறிப் பாணி இறக்கும் சிங்களக் கிராமத்தவரின் உழைப்பு. நம் வீதியில் கீழே இறங்கினால் வரும் கித்துல்கல என்ற ஊரின் பெயரிலேயே அந்த மரம் நிற்கிறது. இத்தனை பேரின் கை பட்ட ஓர் உணவை நாம் நம் வீட்டுக்குள்ளேயே உண்டு முடிப்பது எப்படித் தகும்?

தட்டு நின்ற நாட்கள்

வரலாற்றில் கசப்பான பக்கங்களும் உண்டு. கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹர மேளவாத்தியத்துடன் செல்வது குறித்து எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் வெடித்த கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்றார்கள். அந்தப் பாவத்துக்கு நம் மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை.

அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்தினம் ஒரு தாய் என்னிடம், "மௌலவி, இந்த முறையும் தட்டு அனுப்பலாமா? வாங்க மறுத்தால் பிள்ளையின் மனம் உடைந்துவிடுமே" என்று கேட்டார். நானும் உடனே விடை சொல்லவில்லை. அந்த அச்சம் என் உள்ளத்திலும் இருந்தது. பின்னர், "அனுப்புங்கள், முடிந்தால் பிள்ளையோடு நீங்களும் செல்லுங்கள்" என்றேன். மறுநாள் கதவைத் திறந்த அயல்வீட்டு அம்மா தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "இந்த வருஷம் வராதோன்னு நெனச்சேன்" என்று கண்கலங்கினாராம். அந்த வாசலுக்குள்ளும் ஒருவர் நமக்காக அஞ்சிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்! தட்டு போயிராவிட்டால் இரு வீடுகளும் அதை அறிந்தே இருக்கமாட்டா.

தீபாவளித் தட்டு வரும்போது

கொடுப்பதைப் போன்றே வாங்குவதும் ஓர் ஒழுக்கமாகும். தீபாவளியன்று முறுக்கும் அதிரசமும் நம் வீடு தேடி வருகின்றன. சில இளைஞர்கள் அவற்றை வாங்கி வைத்துவிட்டு, யாரும் காணாமல் எறிந்துவிடுகின்றனர். இது சரியல்ல. நெருப்பை வணங்குவோர் தம் பண்டிகையில் தரும் அன்பளிப்பைப் பற்றி ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அந்நாளுக்காக அறுக்கப்பட்டதை உண்ண வேண்டாம், அவர்களின் மரங்களிலிருந்து கிடைப்பவற்றை உண்ணுங்கள் என்ற கருத்தில் விடையளித்ததாக இப்னு அபீஷைபாவின் 'முஸன்னஃப்' நூலில் பதிவாகியுள்ளது. படையலாக வைக்கப்பட்ட உணவு வேறு, விருந்தினருக்காகச் செய்த பலகாரம் வேறு. நம் தோட்டத்து அயலவர்களில் பலர் இதை அறிந்து, "பூசைக்கு முன்னாடியே எடுத்து வெச்சது" என்று சொல்லியே தருகிறார்கள். நம் மார்க்கத்தை இவ்வளவு பேணும் அயலவரின் மனத்தை நாம் புண்படுத்தலாமா?

எளிமையாகச் செய்யுங்கள்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. வசதியில்லாவிடில் கடன் பட வேண்டாம். கால் கிலோ கித்துல் கருப்பட்டியைச் சீவி, ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து வடியுங்கள். 5 முட்டைகளை நுரை பொங்காமல் அடித்துக் கலந்து, ஏலக்காயும் சிறிது சாதிக்காயும் சேருங்கள். பாத்திரத்தின் வாயை மூடி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரமளவில் ஆவியில் அவித்தால் வட்டிலப்பம் தயார். மேலே நான்கு கஜு இட்டால் போதும். இரண்டு, மூன்று வீடுகளுக்கு இது தாராளமாகக் காணும். அயலவர் மரக்கறி மட்டும் உண்பவராயின் முட்டை சேராத தொதலை அனுப்புங்கள். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டியே அதற்குப் போதும், சில நாட்கள் கெடாமலும் இருக்கும். இந்துச் சகோதரர்களின் வீட்டுக்கு மாட்டிறைச்சி அனுப்பாதிருப்பது நம் பெரியோர் பேணிய மரியாதை. அவர்கள் தட்டைத் திருப்பித் தரும்போது ஒரு பிடி சீனியோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத் தருவார்கள். நாமும் வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பாதிருப்போம்.

பெற்றோர்களே! நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஸகாத்துல் பித்ர் உணவு ஏழையைச் சென்றடைய வேண்டும் என்பது கடமை. அதை நிறைவேற்றிய பின், இந்தத் தட்டை உங்கள் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் அனுப்பியதும் தம் பிள்ளையைத்தான். இளைஞர்களே! "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று சொல்லித் தங்கையிடம் தள்ளிவிடாதீர்கள். நீங்களே சென்று, அந்த வீட்டுப் பெரியவர்களின் பெயர் அறிந்து, நலம் விசாரித்து வாருங்கள். கலவர நாளில் ஒரு வதந்தி வரும்போது, அந்த வீட்டார் உங்கள் முகத்தை அறிந்திருப்பார்கள். நீங்களும் அவர்களின் முகத்தை அறிந்திருப்பீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் ஆக்கும் உணவில் பரகத் செய்வாயாக! எங்களுக்கும் எங்கள் அயலவர்களுக்கும் இடையில் அன்பை ஏற்படுத்துவாயாக! இந்த மலைநாட்டை அச்சமற்ற பூமியாக ஆக்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.